ஒரு கோலுக்குள் அடங்காத லெஃப்ட் அவுட்: அன்டொனீன் புச்

1934 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் செக்கோஸ்லோவாகியாவுக்குக் கோல் போட்ட அன்டொனீன் புச் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா, இல்லை அந்த ஒரு கோலால் பெயர் நின்றவரா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஓரத்தில் ஓடுகிற ஒரு விங்கர் எப்படி ஒரு நாட்டின் அதிகக் கோல் சாதனையை 67 ஆண்டுகள் கையில் வைத்திருந்தார் என்றும் கேட்கிறீர்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

புச் பிறந்தது 1907 மே 16. ஊர் யினோனிட்சே. இன்றைக்கு அது செக் தலைநகர் பிராகாவுக்குள் இருக்கிறது. அவர் பிறந்தபோது நகரத்துக்கு வெளியே இருந்த கிராமம். 1920-களின் நடுவில் ஸ்லாவியா பிராகா அணிக்கு வந்தவர் 1938 வரை அங்கேயே ஆடினார். நாட்டுக்காக 1926-இல், 19 வயதில், முதல் ஆட்டம். அங்கேயும் 1938 வரை. செக் மொழியில் ‘புச்’ என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு என்று ஒரு பொருள் உண்டு. எதிரணியின் வலப்பக்கத்துத் தடுப்பாட்டக்காரருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே பட்டிருக்கும்.

அவர் ஆடிய இடத்தைப் புரிந்துகொள்ளாமல் அவருடைய கோல் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாது. இன்றைய விங்கரை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பிப் போவோம். அன்று எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே அமைப்பில்தான் நின்றன: கோலிக்கு முன்னால் இரண்டு ஃபுல் பேக், அவர்களுக்கு முன்னால் மூன்று ஹாஃப் பேக், முன்வரிசையில் ஐந்து பேர். அந்த ஐவரில் இடது கோடியில் நிற்பவர் லெஃப்ட் அவுட், அவருக்குப் பக்கத்தில் லெஃப்ட் இன். நம் ஊர் மைதானங்களிலும் பழைய ஆட்டக்காரர்கள் இந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள். விங்கர் என்ற சொல்லெல்லாம் தொலைக்காட்சிக்குப் பிறகு பரவியது. லெஃப்ட் அவுட்டுக்குப் பின்னால் ஓடித் தற்காக்கும் வேலை அதிகம் கிடையாது. பந்து தன் பக்கம் வரும்வரை கோட்டோரம் காத்திருப்பார். வந்தால் எதிரே ஒரே ஒரு ஆள். அவரைத் தாண்டிவிட்டால் கோல் கம்பம் வரை வழி திறந்துதான் கிடக்கும்.

1925-இல் ஆஃப்சைடு விதி வேறு மாறியது. அதுவரை பந்து தரப்படும் கணத்தில், வாங்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூன்று பேராவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆஃப்சைடு, பந்து எதிரணிக்குப் போய்விடும். அதை இரண்டாகக் குறைத்தார்கள். ஒரு ஃபுல் பேக் மட்டும் முன்னேறி வந்து முழு முன்வரிசையையும் ஆஃப்சைடில் மாட்டிவிடும் பழைய வித்தை அதோடு செத்தது. கோல்கள் கொட்டத் தொடங்கின. புச் பெரியவர்களின் ஆட்டத்துக்குள் நுழைந்தது சரியாக அந்த நேரத்தில். ஓட்டமும் வலுவான ஷாட்டும் உள்ள ஒரு பையனுக்கு அதைவிட நல்ல காலம் வாய்த்திருக்காது.

அப்புறம் ஸ்லாவியாவில் இருந்த பயிற்சியாளர். ஜான் மேடன் ஸ்காட்லாந்துக்காரர், செல்டிக் அணியில் ஆடியவர். 1905-இல் பிராகாவுக்கு வந்து 1930 வரை, 25 ஆண்டுகள், ஸ்லாவியாவைப் பயிற்றுவித்தார். பிறகும் ஊர் திரும்பவில்லை. 1948-இல் பிராகாவிலேயே இறந்தார். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுவது இங்கிலாந்துப் பழக்கம். தரையோடு சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து நகர்த்துவது ஸ்காட்லாந்துப் பழக்கம். மேடன் கொண்டுவந்தது இரண்டாவதை. செக் ரசிகர்கள் இன்றும் ‘உலிச்கா’ என்று ஒரு சொல் சொல்வார்கள். சந்து, சின்னத் தெரு என்று பொருள். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் பந்தைத் தள்ளிவிட்டு, பின்னால் ஓடிவருபவர் அதை எடுத்துக்கொள்ளும் ஆட்டம் அது. அந்தச் சந்தின் மறுமுனையில் பந்தை எடுக்க ஓடிவருபவர் பல நேரம் லெஃப்ட் அவுட்தான். அப்படிப்பட்ட அணியில் விங்கர், ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு (கிராஸ்) ஒதுங்கி நிற்பவர் அல்ல, கோல் முடிக்கிறவர்.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். செக்கோஸ்லோவாகிய லீகில் 1927-இலும் 1928-29 சீசனிலும் அதிகக் கோல் போட்டவர் புச். இரண்டு முறையும் 13 கோல். பதிமூன்றுதானா என்று நினைக்க வேண்டாம். அப்போது லீகில் ஏழெட்டு அணிகள்தான், சீசனுக்கு 12 அல்லது 14 ஆட்டங்கள்தான். ஓரத்தில் நிற்கும் ஆள் ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்டிருக்கிறார். 1929-30 சீசனில் ஸ்லாவியா ஆடிய 14 லீக் ஆட்டங்களிலும் வென்றது. தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை. 1929 முதல் 1937 வரை அந்த அணி 7 முறை லீக் பட்டம் வாங்கியது. நடுவில் விட்ட இரண்டு சீசனும் அதே ஊரின் ஸ்பார்ட்டாவுக்குப் போனது. வேறு யாருக்கும் இடமே இல்லை.

இவ்வளவு செய்தும் 1934-க்கு முன்னால் உலகம் அவரைப் பார்க்கவில்லை. அதற்கு அவர் காரணமில்லை, காலம் அப்படி. செக்கோஸ்லோவாகிய லீக் 1925-இலேயே காசுக்கு ஆடும் லீக் ஆகிவிட்டது. அன்று ஒலிம்பிக்கில் காசு வாங்காத அமெச்சூர்கள்தான் ஆட முடியும். அதனால் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்குக்கு அந்தத் தலைமுறை போகவில்லை. 1930-இல் முதல் உலகக் கோப்பை உருகுவேயில் நடந்தது. கப்பலில் வாரக்கணக்கில் பயணம். ஐரோப்பாவிலிருந்து பிரான்சு, பெல்ஜியம், ருமேனியா, யுகோஸ்லாவியா என்று நாலே அணிகள் போயின. செக்கோஸ்லோவாகியா போகவில்லை. புச்சுக்கு அப்போது 23 வயது. ஒரு விங்கரின் கால்கள் உச்சத்தில் இருக்கும் வயது.

ஆக, அவரும் அவருடைய கூட்டாளிகளும் தங்களை நிரூபித்த இடம் மித்ரோபா கோப்பை. ஆஸ்திரியாவின் ஹூகோ மைஸ்ல் முன்னின்று 1927-இல் தொடங்கிய, மத்திய ஐரோப்பிய கிளப்புகளுக்கான போட்டி அது. இன்றைய சாம்பியன்ஸ் லீகின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வியன்னா, புதாபெஸ்ட், பிராகா, பிறகு இத்தாலிய நகரங்கள் என்று அந்த வட்டாரத்தின் முழு ரத்தமும் அதில் ஓடியது. 1929-இல் ஸ்லாவியா இறுதியாட்டம் வரை போய் ஹங்கேரியின் உய்பெஸ்ட்டிடம் தோற்றது.

1932-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு ஆண்டு கழித்து வந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. அரையிறுதியில் ஸ்லாவியாவும் டூரினின் யுவென்டஸும். பிராகாவில் ஸ்லாவியா 4-0. அந்த ஆட்டமே அடிதடியாகத்தான் முடிந்தது. டூரினில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் யுவென்டஸ் 2-0 என்று முன்னிலையில் இருக்கும்போது, கூட்டத்திலிருந்து வந்த கல் ஸ்லாவியா கோலி பிளானிச்காவின் மேல் பட்டது. ஸ்லாவியா ஆட்டக்காரர்கள் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள், திரும்ப வரவில்லை. நடத்தியவர்கள் இரண்டு அணிகளையும் நீக்கிவிட்டார்கள். இன்னொரு அரையிறுதியில் வென்ற இத்தாலியின் போலோனியாவுக்கு இறுதியாட்டமே ஆடாமல் கோப்பை கிடைத்தது.

இப்போது 1934 ரோம் இறுதியாட்டத்தின் அணிப் பட்டியல்களைப் பாருங்கள். செக்கோஸ்லோவாகியாவின் 11 பேரில் 8 பேர் ஸ்லாவியா, 3 பேர் ஸ்பார்ட்டா. வேறு கிளப்பிலிருந்து ஒருவர்கூட இல்லை. இத்தாலியின் 11 பேரில் 5 பேர் யுவென்டஸ்: கோலி கோம்பி, மோன்டி, பெர்தோலினி, ஃபெராரி, ஓர்சி. நாடுகள் மோதிய ஆட்டம் என்று எழுதுகிறோம், ஆனால் களத்தில் இருந்த பாதிப் பேருக்கு அது பழைய பாக்கி.

உலகக் கோப்பைக்குப் பதினொரு நாள் முன்னால், 1934 மே 16 அன்று, இங்கிலாந்து பிராகாவுக்கு வந்து ஆடியது. செக்கோஸ்லோவாகியா 2-1 என்று வென்றது. ஒரு கோல் நெயெட்லீ, இன்னொன்று புச். தேதியைக் கவனித்தீர்களா? அன்று அவருடைய 27-ஆவது பிறந்தநாள். இங்கிலாந்து அந்தக் காலத்தில் உலகக் கோப்பையை மதித்துக் கலந்துகொள்ளாத நாடு. தாங்கள்தான் ஆட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் என்ற நினைப்பு. அதே பயணத்தில் புதாபெஸ்ட்டிலும் அவர்கள் தோற்றுத்தான் வந்திருந்தார்கள்.

நெயெட்லீயைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஸ்பார்ட்டாக்காரர். லெஃப்ட் இன், அதாவது புச்சுக்கு அடுத்த இடம். லீகில் ஒருவரையொருவர் விழுங்கப் பார்க்கும் இரண்டு கிளப்புகளின் ஆட்கள் நாட்டுக்காக அடுத்தடுத்து நின்று, ஒருவருக்கொருவர் பந்து கொடுத்து ஐரோப்பாவின் மிகக் கூர்மையான இடதுபக்கங்களில் ஒன்றை உருவாக்கினார்கள். 1934 உலகக் கோப்பையில் 5 கோலுடன் முதலிடம் பிடித்தவர் நெயெட்லீதான். வலது ஓரத்தில் ஆடிய யூனெக்கும் ஸ்லாவியாவின் நல்ல ஆட்டக்காரர், ஆனால் நாட்டுக்காக அவர் போட்ட கோல்கள் மிகக் குறைவு. ஒரே அணி, ஒரே அமைப்பு, இரண்டு ஓரங்கள். விங்கர் என்பதால் மட்டும் கோல் வந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அந்தக் கோப்பை இத்தாலியில், தோற்றால் நேரடியாக வெளியே என்ற முறையில் நடந்தது. மே 27, த்ரியெஸ்தே நகரில் ருமேனியா முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு சமன் செய்தவர் புச். நெயெட்லீ வெற்றிக் கோல் போட்டார், 2-1. புச் தவறியிருந்தால் அன்றே மூட்டை கட்டியிருக்கலாம். ரோம் கோலைப் பற்றி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அடுத்து டூரினில் சுவிட்சர்லாந்தை 3-2, ரோமில் ஜெர்மனியை 3-1.

ஜூன் 10, இறுதியாட்டம். இடம் ரோமில், ஆளும் பாசிசக் கட்சியின் பெயரையே தாங்கிய மைதானம். முசோலினி வந்து உட்கார்ந்திருக்கிறார். நடுவர் சுவீடனின் எக்லிண்ட். இத்தாலியின் அரையிறுதியையும் அவர்தான் நடத்தியிருந்தார். அதை வைத்து இன்றுவரை பலவிதமாகப் பேசுகிறார்கள். இரண்டு அணிகளுக்கும் கேப்டன் கோலிதான்: இந்தப் பக்கம் பிளானிச்கா, அந்தப் பக்கம் கோம்பி. எழுபது நிமிடம் வரை யாரும் கோல் போடவில்லை.

மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே இல்லாத காலம். அடிபட்டால் வெளியே போய்த் தேய்த்துக்கொண்டு திரும்ப வர வேண்டியதுதான். அதுவரை அணி பத்துப் பேரோடு ஆடும். புச்சும் தசைப்பிடிப்பால் வெளியே போய்விட்டுத் திரும்பியிருந்தார். எழுபது நிமிடம் தாண்டி ஒரு கார்னர். அடித்தவர் புச். பந்து சுற்றித் திரும்பி அவரிடமே வந்தது. தூரத்திலிருந்து ஒரே அடி. கோம்பி பாய்ந்தார், ஆனால் கொஞ்சம் தாமதம். செக்கோஸ்லோவாகியா 1-0.

அதற்குப் பிறகு வந்த சில நிமிடங்களை நினைத்தால்தான் செக் ரசிகர்களுக்கு இன்னும் வலிக்கும். புச்சின் கூட்டாளி ஸ்வொபொடாவின் ஷாட் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் கதை முடிந்திருக்கும். 81-ஆவது நிமிடத்தில் ஓர்சி இடது காலால் அடிப்பதுபோல் ஏய்த்து வலது காலால் வளைத்துவிட்டார், பிளானிச்காவைத் தாண்டிப் பந்து உள்ளே. மறுநாள் புகைப்படக்காரர்களுக்காக அதே அடியை ஆளில்லாத கோலில் திரும்பத் திரும்ப முயன்றும் அவரால் முடியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை விடுங்கள், ஓர்சியும் லெஃப்ட் அவுட்தான். அந்த இறுதியாட்டத்தின் முதல் இரண்டு கோலையும் போட்டவர்கள் இரண்டு அணியின் இடது ஓரத்து ஆட்கள். கூடுதல் நேரத்தில், 95-ஆவது நிமிடத்தில் ஸ்கியாவியோ போட்ட கோலில் இத்தாலி 2-1 என்று கோப்பையை எடுத்துக்கொண்டது.

என் கருத்தைக் கேட்டால், அந்தக் கோல் புச்சின் சிறந்த தருணம் என்பதைவிட, கேமராக்கள் இருந்த இடத்தில் நடந்த தருணம். அவரை அளக்க வேண்டியது பத்து நிமிட முன்னிலையை வைத்து அல்ல, பன்னிரண்டு ஆண்டுகளை வைத்து.

1938 பிரான்சு உலகக் கோப்பைக்கும் போனார். 31 வயது. லெ ஆவ்ர் நகரில் நெதர்லாந்தை 3-0 என்று வெல்லக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது. ஜூன் 12, போர்தோவில் பிரேசில். உலகக் கோப்பை வரலாற்றின் மிக முரட்டு ஆட்டங்களில் ஒன்று. மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள்: பிரேசிலில் இருவர், செக்கோஸ்லோவாகியாவில் ரீஹா. பிளானிச்காவுக்குக் கை உடைந்தது, நெயெட்லீக்குக் கால் உடைந்தது. 1-1 என்று முடிந்ததால் இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். அதில் பிளானிச்கா இல்லை, நெயெட்லீ இல்லை, புச்சும் இல்லை. பிரேசில் 2-1. ஒரு தலைமுறை ஒரே பிற்பகலில் முடிந்துபோனது.

அதே ஆண்டு புச் ஸ்லாவியாவை விட்டு விக்டோரியா ஷிஷ்கோவ் அணிக்குப் போனார். 1938 செப்டம்பரில் ஸ்லாவியா கடைசியில் மித்ரோபா கோப்பையை வென்றது, ஃபெரென்ட்ஸ்வாரோஷை வீழ்த்தி. வியன்னாவிலிருந்து முந்தைய ஆண்டு வந்திருந்த, கோல் குவிப்பதில் பேர்பெற்ற யோசெஃப் பிட்சன் அந்த அணியில் இருந்தார். இத்தனை ஆண்டு துரத்திய கோப்பை புச் போன பிறகு வந்தது. அதே மாதக் கடைசியில், செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதிகளை ஜெர்மனிக்குத் தாரை வார்த்த மியூனிக் ஒப்பந்தம். 1939 மார்ச்சில் ஜெர்மானியப் படை பிராகாவுக்குள் வந்துவிட்டது. நாடே இல்லாமல் போனபோது நாட்டு அணிக்கு எங்கே போவது?

சரி, சாதனைக்கு வருவோம். நாட்டுக்காக 60 சொச்சம் ஆட்டங்களில் 34 கோல். எந்த ஆட்டத்தை அதிகாரபூர்வமாக எடுப்பது என்பதைப் பொறுத்து ஒன்று கூடும் குறையும். அதை முறியடிக்கக் கிட்டப் போனவர் 1970-களின் ஸ்டெனெக் நெஹோடா. 90 ஆட்டங்களில் 31-இல் நின்றுவிட்டார். அதாவது புச்சைவிட முப்பது ஆட்டம்போல அதிகம் ஆடியும் மூன்று கோல் குறைவு. நடுவில் போர் வந்தது, போருக்குப் பிறகு ஆட்டமும் மாறியது. முன்வரிசை ஐந்து என்பது நான்காகி, மூன்றாகி, தடுப்பு கெட்டியாகி, ஒரே ஆள் கோல்களைக் குவிப்பது கடினமானது. ஆகவே சாதனை நீடித்ததில் காலத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே காலத்தில், அதே அணியில், நெயெட்லீயும் சில்னியும் ஆடினார்கள். இருவரும் கோலுக்கு இன்னும் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். அவர்களுடைய எண்ணிக்கையையும் ஓரத்தில் நின்ற இவர் தாண்டினார். அதற்குக் காலத்தைக் காரணம் சொல்ல முடியாது.

2005-இல்தான் செக் குடியரசின் யான் கோல்லர் அந்த எண்ணைத் தாண்டினார். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், சென்டர் ஃபார்வர்டு, தலையால் முட்டியே பாதி வேலையை முடிப்பவர். புச்சுக்கு நேர் எதிரான உருவம் ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னால் அவரைத்தான் வரைய வேண்டியிருக்கும். 55 கோலில் நிறுத்தினார்.

புச் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1988 ஏப்ரலில், 80 வயதில் இறந்தார். பிராகாவின் லெட்னா குன்றில் அவர் ஓடிய ஸ்லாவியா மைதானம் அதற்கு முன்பே போய்விட்டது. 1950-களில் அந்தக் குன்றில் ஸ்டாலின் சிலை எழுந்தபோது ஸ்லாவியா அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று, கிளப்பின் பெயரைக்கூட சில காலம் டைனமோ என்று மாற்றினார்கள். 1947-க்குப் பிறகு ஸ்லாவியா அடுத்த லீக் பட்டத்தை வென்றது 1996-இல்.

கடைசியாக ஒன்று. ஸ்லாவியாவின் இடது ஓரத்தில் புச்சுக்கு அடுத்து வந்தவர் ருடால்ஃப் வித்லாச்சில். ஆட்டக்காரராக அவர் பெயர் அவ்வளவு நிற்கவில்லை. 1962-இல் சிலி உலகக் கோப்பைக்குச் செக்கோஸ்லோவாகியா போனபோது பயிற்சியாளர் அவர்தான். அணி இறுதியாட்டம் வரை போனது, எதிரே மறுபடியும் பிரேசில். 15-ஆவது நிமிடத்தில் மசோபுஸ்ட் கோல் போட்டார். ரோமில் நடந்ததுபோலவே செக்கோஸ்லோவாகியா முதலில் முன்னிலை. இந்த முறை அது இரண்டு நிமிடம்தான் தாங்கியது. 3-1 என்று தோற்றார்கள். அன்று புச்சுக்கு 55 வயது.